தினையின் மேல் நின்ற பனை

திருவக்கரைக்கு என்னை முதலில் கூட்டிப்போனது எங்கள் ஆயா. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் உருண்டும் நீண்டும் கிடந்த கற்களைக் காட்டினார். “சாமி வக்கிராசுரனைச் சம்ஹாரம் பண்ணப்போ சிதறின எலும்புடா இதெல்லாம்.” எனக்கு அப்போது ஏழு வயது. எந்தக் கல்லின் மேலும் கால் பட்டுவிடக் கூடாது என்று ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

போன வருடம் என் அண்ணன் மகளை அங்கே கூட்டிப்போனேன். அவளுக்கு ஒன்பது வயது. புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் போகும்போதே அசுரன் கதையைச் சொல்லியிருந்தேன். கல்மரப் பூங்காவில் இருந்த பலகையை அவள் கடகடவென்று படித்தாள். மரங்கள் கல்லானவை, வயது 2 கோடி ஆண்டுகள். திரும்பி என்னைப் பார்த்து, “அப்போ உங்க ஆயா சொன்னது பொய்யா சித்தப்பா?” என்றாள்.

“ஆமாம்மா, அது கதை. இதுதான் உண்மை” என்று சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டினாள். அதன் பிறகு அவள் கற்களைப் பார்க்கவில்லை. மரம் என்று தெரிந்துவிட்டது, வயதும் தெரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் “போலாமா?” என்று கேட்டாள்.

நான் சொன்ன பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டேன் என்று பல நாள் உறுத்தியது. அது என்ன என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கற்களைப் பற்றித் தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக ஒரு மரம் விழுந்தால் கறையானும் பூஞ்சையும் சில வருடங்களில் அதைத் தின்று தீர்த்துவிடும். இந்த மரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, காற்றுப் புகாத மணலுக்குள் புதைந்தன. வேரும் கிளையும் பட்டையும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகப் படுத்துக் கிடப்பதை வைத்து, இவை இங்கே வளர்ந்தவை இல்லை, வேறெங்கோ இருந்து மிதந்து வந்தவை என்று நிலவியலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறியது. அந்த நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள்தான். அது மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து படிந்தது. மரம் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேற, அதன் இடத்தில் அதே அச்சில் கல் உட்கார்ந்தது. ஆண்டு வளையங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு துண்டைக் காகிதம்போல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், அந்த மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள்கூடத் தெரியும். அந்தக் குழாய்களின் அமைப்பை வைத்துத்தான் மரத்தின் குடும்பத்தையே கண்டுபிடிக்கிறார்கள். புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை, குங்கிலிய மரத்தின் உறவுக்காரர்கள் என்று பலவற்றை இந்த வட்டாரத்தில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். குங்கிலியத்தின் உறவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குப் போக வேண்டும். முள்ளும் கள்ளியும் முளைக்கிற இந்தச் செம்மண் பூமிக்கு எட்டும் தொலைவில் ஒரு காலத்தில் அப்படி ஒரு காடு இருந்திருக்கிறது.

சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் 1781-இல் இவற்றைப் பதிவு செய்தார். 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இடத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. மரங்கள் புதைந்த பாறை அடுக்குக்கு நிலவியலில் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயர். எங்கள் ஊரின் பெயரில் ஒரு பாறை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் கல் சிறுத்துப்போகிறதா? எனக்கு அது இன்னும் பெரிதாகத்தான் ஆகிறது. அசுரனின் எலும்பு என்று நினைத்தபோது தோன்றிய நடுக்கத்தைவிட, தண்ணீர் ஏறிய குழாயின் வழியே கல் ஏறியது என்று அறிந்தபோது தோன்றிய நடுக்கம் ஆழமானது. ஆகவே அறிவியல் வியப்பைக் கொல்கிறது என்ற பழைய புகாரை நான் ஏற்க மாட்டேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் உண்டு. நகை, அழுகை என்று போகும் அந்த வரிசையில் நான்காவது மருட்கை, அதாவது வியப்பு. அது எங்கே பிறக்கும் என்பதற்கு நான்கு இடங்களைச் சொல்கிறது நூற்பா. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதிதாக இருப்பது, பேரளவாக இருப்பது, மிக நுண்ணியதாக இருப்பது, ஒன்று வேறொன்றாக ஆவது. மரம் கல்லானது இந்த நான்காவது வகை. இந்த நான்கில் ‘தெரியாதது’ என்று ஒன்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே நூற்பா மருட்கைக்கு ஓர் அடைமொழி தருகிறது: ‘மதிமை சாலா மருட்கை’. அறிவு நிரம்பாத இடத்து வியப்பு. இதை அறியாமை என்று சிலர் படிக்கக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. அறிவு போய்ப் பார்த்துவிட்டு, தன் கைக்கு அடங்காமல் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று உணரும் இடம் அது.

அப்படியானால் என் அண்ணன் மகளுக்கு ஏன் மிச்சம் எதுவும் தெரியவில்லை?

ஜெர்மனிச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917-இல் மியூனிக் நகரில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. நவீன உலகம் மாயம் நீங்கிய உலகம் என்றார் அவர். அதற்காக நாம் எல்லோரும் உலகத்தை அதிகம் புரிந்துகொண்டுவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை. டிராமில் ஏறுகிறவருக்கு டிராம் எப்படி ஓடுகிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. தன் கருவியைப் பற்றிக் காட்டுவாசிக்குத் தெரிந்த அளவுகூட நமக்கு நம் கருவிகளைப் பற்றித் தெரியாது. ஆனால் வேண்டுமென்றால் தெரிந்துகொள்ளலாம், கணக்கிட்டு ஆளமுடியாத எதுவும் உலகத்தில் இல்லை என்ற நம்பிக்கை மட்டும் வந்துவிட்டது. மாயம் நீங்குவது என்று வெபர் சொன்னது அந்த நம்பிக்கையைத்தான். இதைப் படித்தபோது பலகையின் முன் நின்ற அண்ணன் மகள் கண்ணுக்குள் வந்தாள். அவளுக்குக் கல்மரம் புரிந்துவிடவில்லை. புரிந்துகொண்டவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அது போதும் என்று நினைக்க வைத்தது நான்தான்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நேர் எதிரான ஓர் இடம் இருக்கிறது. சிதம்பரம் நடராசர் சன்னதியில் திரையை விலக்கிக் காட்டும் ரகசியம் என்ன என்று இங்கே யாருக்குத் தெரியாது? உருவம் இல்லை, தொங்கும் தங்க வில்வ மாலை, அதன் பின்னால் வெறும் வெளி. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தெரிந்துகொண்டேதான் வரிசையில் நிற்கிறார்கள். போன மாதம் பார்த்தவரே இந்த மாதமும் நிற்கிறார். துப்பறியும் கதையில் வரும் மர்மம் விடை தெரிந்ததும் முடிந்துபோகும். இது சொல்லிவிட்டாலும் முடியாத ரகசியம். கோயில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த வேறுபாட்டை ஏற்பார்கள் என்று நினைக்கிறேன். இறப்பு பற்றியும், ஒரு மனுசர்மேல் வரும் அன்பு பற்றியும், எதுவும் இல்லாமல் போகாமல் ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்பது பற்றியும் நமக்குள்ள கேள்விகள் இந்த வகைதான்.

வானத்தைக் கணக்கிடுவதில் புதுச்சேரிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று 18-ஆம் நூற்றாண்டு வானியலாளர்கள் உலகமெங்கும் புறப்பட்டார்கள். கியோம் லெ ஜான்தி 1760-இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலில் நின்று பார்த்ததால் ஒன்றையும் அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்துத்தான். காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஓர் ஆய்வகம் கட்டிக்கொண்டார். மே மாதம் முழுக்க வானம் தெளிவாக இருந்தது. 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் 1771-இல் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதி அவருடைய பதவியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

அவர் இங்கே காத்திருந்தபோது ஒரு காரியம் செய்தார். தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-இல் நடந்திருந்த சந்திர கிரகணத்தை அந்த முறைப்படி போட்டுப் பார்த்தபோது, கிரகணத்தின் மொத்த நேரம் 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பிய அட்டவணைப்படி 68 வினாடி கூடியது. அடுத்த நூற்றாண்டில் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் எழுத்துகளை எண்ணாக மாற்றி, 1825-இல் நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிடிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் பிசகியது, விடும் நேரம் அதைவிடக் கூடுதலாகப் பிசகியது. தாளும் இல்லை, எழுதிய அட்டவணையும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஏன் வேலை செய்கிறது என்ற கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்றும் வாரன் குறித்து வைத்திருக்கிறார்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சரியாகக் கணிப்பது ஒன்று, புரிந்துகொள்வது இன்னொன்று, வானத்தைப் பார்த்து நிற்பது மூன்றாவது. மூன்றும் தானாகச் சேர்ந்து வருவதில்லை. இன்று என் கைபேசி கிரகணம் பிடிக்கும் நேரத்தை வினாடி சுத்தமாகச் சொல்கிறது. அன்று இரவு எங்கள் தெருவில் மொட்டை மாடிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும்.

மூன்றையும் ஒருவரிடமே சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் புதுச்சேரிக்குத்தான் வர வேண்டும். 1910-இல் ஹாலி வால்மீன் வந்தபோது பாரதி இங்கே இருந்தார். பூமி அந்த வாலுக்குள் நுழைந்து போகும் என்றும், வாலில் நச்சு வாயு இருக்கிறது என்றும் செய்தி பரவி, மேலை நாடுகளில் சாவித் துவாரத்தைக்கூட அடைத்துக்கொண்டார்கள். தமிழ் ஆண்டுக் கணக்கில் அந்த வருஷத்தின் பெயர் ‘சாதாரண’. அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து பாரதி ஒரு கவிதை எழுதினார். ‘தினையின் மீது பனை நின்றாங்கு’ என்று தொடங்குகிறது. சின்னஞ்சிறு மீனின் மேல் அவ்வளவு நீள வால். பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய உவமை அது.

அந்தக் கவிதையில் அறிவியல் தாராளமாக வருகிறது. வால் பல கோடி யோசனை நீளம், அது மிக மெல்லிய வாயுவால் ஆனது, பூமியைத் தொட்டாலும் ஏழைகளுக்கு இடர் செய்யாமல் போய்விடும் என்றெல்லாம் அறிஞர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார். நம்மவர் தம் நூல்களை மறந்து பல நூறு ஆண்டாகிவிட்டது, இதையும் அன்னியர் சொல்லிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம் என்று கூச்சப்படாமல் ஒப்புக்கொள்கிறார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல செய்திக் கட்டுரையாக இருந்திருக்கும். பிறகு வால்மீனையே கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிறார். நீ வந்தால் தீமை விளையும் என்கிறார்களே, நீ வந்ததால் எங்களிடையே ஞானம் திரும்ப வரும் என்கிறார்களே, ‘பொய்யோ, மெய்யோ?’ வானியலாளர் சொல்வதும் பழைய வாக்குச் சொல்வதும் அவருக்குப் பிறர் சொன்னவைதான். இரண்டையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவர் பேசுவது வானத்தில் நிற்கும் அந்தச் சுடரோடு. புறவயமான அறிவை முழுசாக வாங்கிக்கொண்டு, அதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைக்கிறார். அந்த ஓர் அடியைத்தான் நான் அறிவைவிட மேலாக மதிக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். ரகசியம், மர்மம் என்ற பெயரில் நம் ஊரில் நடந்த கொடுமை கொஞ்சமா? கிரகணம் என்று சொல்லிப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை இருட்டறையில் அடைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குழந்தையை மந்திரிக்கக் கூட்டிப்போயிருக்கிறோம். கிரகண நேரத்தில் நடுத்தெருவில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டும் கறுப்புச் சட்டைக்காரர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அந்த ஒரு தட்டு இட்லி பல பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால், மூடநம்பிக்கை சொன்னது ‘பார்க்காதே, உள்ளே போ’ என்பதுதான். ‘எல்லாம் தெரிந்ததுதானே’ என்ற மனநிலையும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகிறது. அதுவும் கதவைத் திறப்பதில்லை. எங்கள் ஆயாவின் கதை தகவலாகத் தப்பு. ஆனால் அது என்னை ஒவ்வொரு கல்லாகப் பார்க்க வைத்தது.

2019 டிசம்பர் 26 அன்று காலை நான் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருந்தேன். சுனாமி வந்து 15 வருடம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன நாள். அதே நாளில், கிட்டத்தட்ட அதே நேரத்தில் சூரிய கிரகணம். மேகம் விலகியபோதெல்லாம் வேப்ப மரத்தடி மணலில் இலை இடுக்கு வழியாகப் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்தது. பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவிக்கொண்டிருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தார். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்ததால் வந்த அலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், என்னிடம் அவரே சொன்னார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஓடியிருப்போம். இப்போ சொல்றாங்க, நல்லது” என்றார். எச்சரிக்கை மையம் வந்தது அறிவின் வேலை. அதற்கு ஈடாக எதையும் நான் வைக்க மாட்டேன்.

“கடல்மேல கோபம் இல்லியாம்மா?” என்று கேட்டேன்.

“கோபப்பட்டு என்னா பண்றது தம்பி? நாளைக்கும் அதுங்கிட்டதான போவணும்.” மிச்சமிருந்த பாலை ஊற்றினார். அப்புறம் மணலில் விழுந்த பிறைகளைப் பார்த்து, “இது என்னா அழகா கெடக்கு” என்றார்.

நிலநடுக்கம் 9-க்கு மேல் என்ற எண்ணுக்கும் அந்தப் பாலுக்கும் சண்டை எதுவும் இல்லை. எண் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பால் சொன்னது.

நெய்வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. பிறகு 1956-இல் நிறுவனம், சுரங்கம், மின்சாரம். அதுவும் புதைந்த பழங்காடுதான், கல்லாகாமல் பழுப்பு நிலக்கரியானது. பள்ளியில் எங்களுக்கு அது டன்னாகவும் மெகாவாட்டாகவும் மட்டுமே வந்து சேர்ந்தது. இலைகள் குடித்த பழைய வெயில்தான் எங்கள் வீட்டு பல்பில் எரிகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் ஸ்விட்சை அணைக்கும்போது கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தப் பொங்கல் லீவில் அண்ணன் மகளை மறுபடி திருவக்கரைக்குக் கூட்டிப்போனேன். பலகையிடம் போகவில்லை. நேராக ஒரு பெரிய அடிமரத்தின் அருகே உட்கார்ந்து, வெட்டு முகத்தில் அவள் விரலை வைத்து வளையங்களைத் தொடச் சொன்னேன். தண்ணீர் ஏறிய குழாயைப் பற்றிச் சொன்னேன், வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். ஆயாவின் அசுரனையும் விடவில்லை. ஆயா எப்படிக் கையை நீட்டிக் காட்டினார் என்று செய்தே காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. விரலை வளையத்தின் மேல் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“சித்தப்பா, இந்த மரம் நின்னப்போ இதுமேல என்ன குருவி உட்கார்ந்திருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த காவலாளி அய்யாவிடம் போய்க் கேட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். “எனக்கும் தெரியலியேம்மா” என்றவர், எங்களோடு வந்து கல்மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.